பட்டை கேமராவுக்குத் தெரியும், பக்கிள் தெரியாது: செங்கோட்டை கார் ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கத்து வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும், பழைய கார் வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,

வணக்கம்.

கார்த்திகை பிறந்துவிட்டால் உங்களைப் பிடித்து நிறுத்திப் பேச முடியாது. மாலை போட்ட சாமிகளை ஏற்றிக்கொண்டு புளியரை வளைவுகளில் ஏறி, கோட்டைவாசல் தாண்டி, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று ராப்பகலாக ஓடுவீர்கள். வண்டியைப் பட்டறையில் விட ஒரு மணி நேரம் கிடைக்காது. அதனால்தான் ஐப்பசியிலேயே எழுதுகிறேன். பேசப்போவது ஒரே பொருளைப் பற்றி: உங்கள் காரின் சீட் பெல்ட் பக்கிள், அதாவது பட்டை வந்து பூட்டிக்கொள்ளும் சிறிய பெட்டி.

நான் கார்களுக்கு சீட் கவர் தைக்கிறவன். எஞ்சினைப் பற்றியோ பிரேக்கைப் பற்றியோ உங்களுக்குச் சொல்ல நான் யாருமில்லை. ஆனால் சீட்டைக் கழற்றி வெளியே எடுப்பது என் அன்றாட வேலை. ஓட்டுகிறவர் கண் போகாத இடத்தில் பக்கிள் என்ன கதியில் கிடக்கிறது என்பதை நான் பார்க்கிறேன். பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் சாலையோரக் கேமராக்கள் படம் பிடித்து அபராதம் அனுப்புகின்றன. மாநிலம் முழுக்க 726 கேமராக்கள். அன்றிலிருந்து நம் ஊர் வண்டிகள் பெல்ட் இல்லாமல் மலை தாண்டுவதில்லை. நல்லதுதான். ஆனால் பக்கிள் பிடிக்காத வண்டியில் என்ன செய்கிறீர்கள்? பட்டையை இழுத்து மார்பின் குறுக்கே போட்டு, பக்கிளுக்குள் போக வேண்டிய உலோக நாக்கைத் தொடைக்கு அடியில் செருகி உட்கார்ந்துகொள்கிறீர்கள். பக்கத்தில் இருக்கும் பயணியிடமும் "சும்மா பிடிச்சுக்கோங்க சாமி" என்கிறீர்கள். கேமராவுக்குப் பட்டை தெரியும், பக்கிள் தெரியாது. அபராதம் மிச்சமாகிறது. உயிருக்கு அந்தப் பட்டையால் ஒரு பயனும் இல்லை.

இன்று நாம் போடும் மூன்று முனைப் பெல்ட்டை 1959இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். தோளில் வரும் பட்டையும் இடுப்பில் வரும் பட்டையும் ஒரே இடத்தில் வந்து பூட்டிக்கொள்வதுதான் அதன் சிறப்பு. அந்த ஒரே இடம் பக்கிள். அது விட்டுவிட்டால் தோளும் போயிற்று, இடுப்பும் போயிற்று. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வண்டி மோதி, அவர் உடல் அரை மீட்டர் தூரத்துக்குள் நிற்க வேண்டியிருந்தால், பெல்ட் தாங்க வேண்டிய விசை 1,300 கிலோ எடைக்கு மேல். கையால் இழுத்துப் பார்த்து "கெட்டியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லும்போது இந்தக் கணக்கையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

"எஃப்.சி.யில் பார்த்துவிட்டார்களே" என்று ஒரு பதில் வருகிறது. வாடகைக் காருக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சான்று. சொந்தக் காருக்கோ 15 ஆண்டு கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் அந்தப் பேச்சே வரும், பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. பக்கிள் சான்றிதழின் தேதி பார்த்துப் பழுதாவதில்லை. இடைப்பட்ட காலமெல்லாம் அதைப் பார்க்க வேண்டியவர் வண்டிக்காரர்தான்.

அந்தச் சிறிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். விபத்தில் நொறுங்கி இரும்புக்குப் போன ஒரு வண்டியின் பின்சீட்டுப் பக்கிளை, மறுபடி எந்த வண்டியிலும் மாட்டப் போவதில்லை என்பதால், மேசையில் வைத்துப் பிரித்தேன். நாக்கின் ஓட்டைக்குள் விழுந்து பிடிக்கும் ஓர் எஃகுத் துண்டு. அதை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். பொத்தானை அமுக்கியதும் நாக்கை வெளியே தள்ள இன்னொரு ஸ்பிரிங். அவ்வளவுதான். ஆனால் அவற்றுக்கு இடையே இருந்ததைச் சொல்ல வேண்டும். இருமுடியில் போகும் நெய்த்தேங்காயிலிருந்து கசிந்த நெய் தூசியோடு சேர்ந்து கறுத்த பசையாக அப்பியிருந்தது. அதில் பொரி, திருநீறு, அறுந்த மாலையின் துளசி மணி ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், சிவப்புப் பொத்தானிலிருந்தே உடைந்து விழுந்த ஒரு பிளாஸ்டிக் சில்லு. எஃகுத் துண்டு முழுதாக இறங்க முடியாதபடி அந்தச் சில்லு குறுக்கே கிடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கிளில் ஒரு குறையும் தெரியவில்லை. நாக்கைச் செருகினால் 'டிக்' என்ற சத்தம்கூட வந்தது.

சிவப்புப் பொத்தான் உடைவதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 1995இல் அமெரிக்காவில் டகாடா நிறுவனம் செய்த சீட் பெல்ட்டுகளுக்காக 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைத் திரும்ப அழைத்தார்கள். காரணம் இதேதான். வெயில் பட்டுப் பட்டுப் பொத்தானின் பிளாஸ்டிக் காய்ந்த அப்பளம்போல் நொறுங்கி, சில்லுகள் உள்ளே விழுந்து பூட்டை இறுக்கின. சில பக்கிள்கள் பூட்டவில்லை, சில திறக்கவில்லை. 2023இலும் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறைய ஐந்து லட்சம் கார்களைப் பக்கிளுக்காகவே திரும்ப அழைத்தது. பொத்தான் ஓடும் பாதையின் மேல்பூச்சு தேய்ந்ததால் பக்கிள் சரியாகப் பூட்டாமல் போகலாம் என்பது காரணம். புதிய கார்களுக்கே இந்த நிலை. மாருதி 800, அம்பாசடர் இரண்டின் தயாரிப்பும் 2014இல் நின்றுவிட்டது. அந்த வண்டிகளை நம் வெயிலிலும் குற்றாலச் சாரலிலும் இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். சீட் பெல்ட்டுக்கான ஐ.நா. விதி எண் 16, பக்கிளை 5,000 முறை பூட்டித் திறந்து சோதிக்கச் சொல்கிறது. நாளொன்றுக்குப் பத்துமுறை திறக்கும் வாடகைக் கார் அந்த எண்ணிக்கையை ஒன்றரை ஆண்டுக்குள் கடந்துவிடும். கடந்த மறுநாளே பக்கிள் கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. தேய்கிற பொருள் அது, டயரைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும் என்கிறேன்.

நீங்களே செய்யக்கூடிய வேலை என்ன? முதலில் சோதனை. நாக்கைச் செருகுங்கள், சத்தம் கேட்க வேண்டும். பட்டையைப் பிடித்து வெடுக்கென்று பலமுறை இழுங்கள், நேராகவும் பக்கவாட்டிலும். பிறகு பொத்தானை ஒரே விரலால் அமுக்குங்கள். நாக்கு தானாகத் துள்ளி வெளியே வர வேண்டும். நீங்கள் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தால் உள்ளே அழுக்கு இருக்கிறது, இல்லையென்றால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. அமுக்கிய பொத்தான் மேலே எழும்பாமல் நின்றால் அதுவும் அப்படித்தான். அழுக்கு என்றால் அதைக் கழுவ உங்களால் முடியும். டயர் கடையில் காற்று பிடிக்கும்போது அந்தக் குழாயையே பக்கிளின் வாயில் வைத்து ஊதச் சொல்லுங்கள். கண்ணுக்கு ஏதாவது பாதுகாப்பு வேண்டும். பசை பிடித்திருந்தால், வயர் எதுவும் இல்லாத பழைய பக்கிளாக இருக்கும் பட்சத்தில், அதைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி, நாக்கைப் பலமுறை செருகி எடுங்கள். கறுப்பு நீர் நின்று தெளிந்த நீர் வரும்வரை செய்யுங்கள். நிழலில் நன்றாக உலர விடுங்கள். பட்டையை மெல்லிய சோப்பு நீரால் துடைத்தால் போதும். பெட்ரோல், தின்னர், பிளீச்சிங் எதுவும் கூடாது.

எண்ணெய் விடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பக்கிள் இறுகினால் நம் கை முதலில் போவது எண்ணெய்க் குப்பிக்குத்தான். அன்றைக்கு வழுவழுப்பாக வேலை செய்யும். ஒரு மாதத்தில் அந்த எண்ணெயே தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கழுவியும் சரியாகவில்லை, பொத்தானில் கீறல் இருக்கிறது, நாக்கின் ஓட்டை விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கிறது, நாக்கு வளைந்திருக்கிறது என்றால் உங்கள் வேலை அங்கே முடிந்துவிட்டது. பக்கிளைப் பிளந்து ஸ்பிரிங்கை நீட்டிப் போடுவது, நாக்கை அரம் வைத்து ராவுவது, உடைந்த பிடியை வெல்டிங் செய்வது, எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். செய்தவர்கள் கைவேலை தெரிந்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் சூடு ஏறிய எஃகு பழைய எஃகு இல்லை. பிளந்து ஒட்டிய பெட்டி அந்த 1,300 கிலோவைத் தாங்குமா என்பதை விபத்து ஒன்றுதான் சோதித்துச் சொல்லும். முழு பக்கிளையும் மாற்றுங்கள். முடிந்தால் நாக்கும் பட்டையும் சேர்ந்த முழுத் தொகுப்பையும், அதே மாடலுக்கு உரியதாக வாங்குங்கள். ஒரு நிறுவனத்தின் நாக்கு இன்னொன்றின் பக்கிளில் நுழைந்துவிடும், சத்தமும் போடும், ஆனால் பிடிக்க வேண்டிய அளவுக்குப் பிடிக்காது. புதுப்பேட்டையிலோ உக்கடத்திலோ பழைய சாமான் கடையில் வாங்கினால் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஒருமுறை விபத்தில் ஆளைத் தாங்கிய பெல்ட் தன் வேலையை முடித்துவிட்டது. அதை இன்னொரு குடும்பத்துக்கு மாட்டக் கூடாது.

மாற்றும்போது போல்ட்டில் கவனம் வேண்டும். பெரும்பாலான கார்களில் பெல்ட் போல்ட் மில்லிமீட்டர் அளவில் வருவதில்லை. 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. அது 11 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்தப் போல்ட் தொலைந்துவிட்டால் கையில் கிடைத்த 12 மில்லிமீட்டர் போல்ட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கி ஏற்றுகிறார்கள். மரை அறுந்துவிடும், போல்ட் மட்டும் இறுகியதுபோல் நிற்கும். பழைய போல்ட்டையே பத்திரமாக வையுங்கள். முதல் சில சுற்றுகள் கையாலேயே ஏற வேண்டும், ஏறவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். வாஷர்கள் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் திரும்பப் போக வேண்டும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற கணக்கு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு வைத்திருக்கும் பட்டறையில் கடைசி முறுக்கைக் கொடுக்கச் சொல்லுங்கள். கம்பளத்தை விலக்கும்போதே தரைத் தகட்டையும் பாருங்கள். சாரல் காலத்தில் உள்ளே இறங்கிய நீர் அங்கேதான் தங்கும். துருப்பிடித்துப் பொடியும் தகட்டில் எவ்வளவு நல்ல பக்கிளை மாட்டியும் பயன் இல்லை.

பக்கிள் பக்கமாக மஞ்சள் நிற வயரோ மஞ்சள் பிளக்கோ போவதைக் கண்டால் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். மோதும்போது பட்டையைச் சட்டென்று இறுக்குவதற்கான வெடிமருந்து அந்த அமைப்பில் இருக்கக்கூடும். அதை வீட்டு வாசலில் வைத்துத் தொடக் கூடாது, பயிற்சி பெற்றவர் வேலை அது.

என் தொழிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளிம்பு நைந்த பட்டையைக் கொண்டுவந்து "ஒரு தையல் ஓட்டிக் கொடுங்கள்" என்று கேட்கிறீர்கள். நான் தைக்க மாட்டேன். கூலிக்காக மறுப்பதாகச் சிலர் கோபித்துக்கொண்டு போனதும் உண்டு. என் ஊசி போடும் ஒவ்வொரு ஓட்டையும் அந்த நெசவின் இழைகளை அறுக்கிறது. சீட் கவருக்குப் போடும் நூல் ஆள் எடையைத் தாங்க வந்த நூல் இல்லை. பட்டை நைந்தால் மாற்ற வேண்டும், வேறு வழி கிடையாது. அதேபோல், புதுக் கவர் போடும்போது பின்சீட்டுப் பக்கிள்களை உள்ளே அமுக்கி மேலே துணியை இழுத்து மூடிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது என்று நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்கள். பின்னால் உட்கார்ந்து வரும் அம்மாவும் பிள்ளைகளும் எதைப் போட்டுக்கொள்வார்கள்? சட்டம் பின்சீட்டுக்கும் சேர்த்துத்தான். சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் இறந்தபோது பின்சீட்டில், பெல்ட் போடாமல் இருந்தார் என்று எல்லாச் செய்தித்தாள்களும் எழுதின. கவர் தைப்பவர் யாராக இருந்தாலும், பக்கிளுக்கு வாய் விட்டுத் தைத்தால்தான் கூலி என்று சொல்லுங்கள்.

ஓரளவு புதிய வண்டி வைத்திருப்பவர்கள் எச்சரிக்கை ஒலியை நிறுத்த வெறும் நாக்கை மட்டும் வாங்கிச் செருகுகிறார்கள். ஆளுக்குப் பாதுகாப்பு இல்லை, பக்கிள் மட்டும் தேய்கிறது. 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களிலிருந்து இவற்றை நீக்க உத்தரவிட்டு, 13,000க்கும் மேற்பட்ட பொருள்பதிவுகள் அகற்றப்பட்டன. அப்படியும் நம் பக்கத்து வண்டிகளில் அவை இருக்கின்றன. தயவுசெய்து எடுத்து எறியுங்கள்.

ஸ்டாண்டுச் சங்கத்தினரிடம் ஒரு வேண்டுகோள். ஐப்பசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்குங்கள். வண்டிகளை வரிசையாக நிறுத்துங்கள், நான் வந்து சீட்டைக் கழற்றி ஒவ்வொரு பக்கிளையும் காட்டுகிறேன். கூலி வேண்டாம். கழுவினால் தீரும் வண்டிகளை அங்கேயே முடித்துவிடலாம். மாற்ற வேண்டியவற்றுக்கு மாடலையும் ஆண்டையும் எழுதி ஒரே பட்டியலாக உதிரிபாகக் கடையில் கொடுத்தால், ஒற்றை ஆளாகப் போய்க் கேட்கும்போது "அந்த மாடலுக்கு வராது" என்று திருப்பி அனுப்புகிற கடைக்காரரும் வரவழைத்துத் தருவார். வரும்போது ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுவாருங்கள். தயாரிப்பு மாதம் மாறினால் பக்கிளும் மாறும் மாடல்கள் உண்டு.

இப்படிக்கு,
சீட் கவர் தைக்கும் உங்கள் ஊர்க்காரன்,
செங்கோட்டை