குவரானிகளின் மக்காச்சோளத்துக்கு 100 மீட்டர் போதாது

பிரேசிலின் தேசிய உயிரிப் பாதுகாப்புத் தொழில்நுட்ப ஆணைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மரபணு மாற்ற மக்காச்சோள வயலுக்கும் பிறர் வயலுக்கும் இடையே 100 மீட்டர் விட வேண்டும், அல்லது மரபணு மாற்றமில்லாத செடிகளைப் பத்து வரிசை நட்டு 20 மீட்டர் விட்டாலே போதும் என்று 2007இல் நீங்கள் வகுத்த விதி குவரானிப் பழங்குடி மக்களின் விதைகளைக் காக்காது என்பதால் இதை எழுதுகிறேன்.

அவத்தி என்று அவர்கள் அழைக்கும் மக்காச்சோளம் முற்றும் பருவமே அவர்களின் வழிபாட்டுப் பருவம். குவரானிகளில் ஒரு பிரிவினரான ம்பியாக்கள் புதுக் கதிர்களை ஓப்பி எனும் வழிபாட்டு வீட்டுக்குக் கொண்டுவர, மூத்தோர் புகையூதி வாழ்த்துகிறார்கள். அதே ஞெமொங்கராய் சடங்கில் குழந்தைகளும் பெயர் பெறுகிறார்கள். குழந்தையின் ஆன்மா எந்தத் தெய்வ உலகிலிருந்து வந்தது என்பதை அறிந்து பெயரைச் சொல்பவர் அங்குள்ள மூத்தவரே. மாட்டோ கிராஸோ டூ சுல் மாநிலத்தில் வாழும் இன்னொரு பிரிவினரான கையோவா குவரானிகளோ, அவத்தி மொரொத்தி எனும் வெள்ளை மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்த பானத்துடன் இரவு முழுதும் நெடும்பாடல் பாடிப் புது விளைச்சலை வரவேற்கிறார்கள்.

விதியின் குறை இந்த வெள்ளைக் கதிரிலேயே தெரியும். மஞ்சள் மணி இனத்தின் மகரந்தம் காற்றில் வந்து சேர்ந்தால் அதே பருவத்தில் கதிருக்குள் மஞ்சள் மணிகள் தோன்றும்; அவற்றையாவது பொறுக்கி ஒதுக்கலாம். அவர்கள் வளர்க்கும் மஞ்சள் இனத்தில் புகுந்த மரபணுக் கலப்போ எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு அதுவே விதையாகி மண்ணுக்குள் போகும். பரந்த வயலில் கலப்பு பெரும்பாலும் ஓரத்தோடு குறைந்துவிடும், சிறு தோட்டத்திலோ முழுவதுமே ஓரம்தான். அவர்களின் தோட்டங்கள் சிறுத்தது தற்செயலன்று: 1915 முதல் 1928 வரை கையோவாக்களும் மற்றக் குவரானிகளும் எட்டுச் சிறு ஒதுக்கிடங்களுக்குள் அடைக்கப்பட்டார்கள், பழங்குடி நிலங்களை ஐந்தாண்டுகளில் அளந்து முடிக்கச் சொன்ன 1988 அரசமைப்புச் சட்டத்தின் கெடு கடந்தும் பல ஊர்கள் இன்னும் காத்திருக்கின்றன.

ஆகவே அளந்து முடித்த நிலங்களோடு, அளவைக்குக் காத்திருக்கும் நிலங்களைச் சுற்றியும் இடைவெளியை உயர்த்துங்கள். எவ்வளவு என்பதை, பிரேசில் 2002இல் ஏற்ற உலகத் தொழிலாளர் அமைப்பின் பழங்குடி மக்களுக்கான 169ஆம் உடன்படிக்கைப்படி, விதை காக்கும் குடும்பங்களைக் கலந்தாலோசித்தே முடிவு செய்யுங்கள். மரபணுக் கலப்பு உள்ளதா என்று கண்டறியும் ஆய்வின் செலவை மரபணு மாற்ற விதையை விற்கும் நிறுவனங்கள் ஏற்கட்டும். ஆய்வுக்கென ஒரு மணியைக்கூட அக்குடும்பங்களின் ஒப்புதலின்றி ஊரைவிட்டு எடுத்துச் செல்லக் கூடாது.