அது கிராபிக்ஸ் இல்லை, பிளாஸ்டிக்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் சினிமா கிராபிக்ஸ் பற்றி வந்த கட்டுரையில், ‘ஸ்டார் வார்ஸ்’ காலத்திலிருந்தே ஹாலிவுட் விண்கலங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் உருவானவைதான் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கட்டுரையின் மற்ற விஷயங்களோடு எனக்குச் சண்டை இல்லை, இந்த வரி மட்டும் தப்பு. 1977-ல் வந்த அந்த முதல் படத்தில் கம்ப்யூட்டர் வரைந்தது என்று பார்த்தால், போருக்குப் போகும் விமானிகளுக்குத் திரையில் போட்டுக் காட்டுகிற கோட்டுப் படம் மாதிரி சில துண்டுகள்தான். பறந்த கலங்கள் அத்தனையும் கையால் செய்த மாடல்கள். கம்ப்யூட்டரிலேயே செய்த விண்கலங்களை நம்பி ஒரு முழுப்படம் எடுத்தது 1984-ல், ‘தி லாஸ்ட் ஸ்டார்ஃபைட்டர்’. அதற்கப்புறமும் பல வருஷம் மாடல்கள்தான் ஓடின.

இதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று நினைக்கலாம். எனக்கு இந்த மாடல் கட்டுகிற பைத்தியம் உண்டு, அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. ‘ஸ்டார் வார்ஸ்’ கலங்களைச் செய்தவர்கள் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் வான் நைஸ் என்ற இடத்தில் ஒரு கிடங்கில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். கடையில் விற்கிற பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளை, அதாவது ஒரு சட்டத்தில் கோத்த மாதிரி வரும் உறுப்புகளை நாமே நறுக்கி ஒட்டிக் கட்டுகிற பொம்மைப் பெட்டிகளை, பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போர் டாங்கு, போர்விமானம், கப்பல், ரேஸ் கார் என்று எது கிடைத்தாலும் சரி. ஆனால் டாங்கைக் கட்டுவதற்காக வாங்கவில்லை. சின்னச் சின்ன உறுப்புகளைச் சட்டத்திலிருந்து நறுக்கி எடுத்து, தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பிக் கலத்தின் மேல் ஒட்டினார்கள். அது ஏன் நம்பும்படி இருக்கிறது என்றால், கிட் தயாரிக்கிற கம்பெனி நிஜ டாங்கைப் பார்த்து அளவெடுத்துத்தான் அச்சு செய்திருக்கும். சக்கரத்தைத் தாங்கும் கை, காற்றுப் போகிற சல்லடை, எண்ணெய்த் தொட்டி என்று ஒவ்வொன்றுக்கும் நிஜத்தில் ஒரு வேலை இருந்தது. இடம் மாறிய பிறகு அது இன்னதென்று நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆனால் ஏதோ வேலைக்காகத்தான் அங்கே இருக்கிறது என்று நம்பிவிடுகிறது. சும்மா மனம்போன போக்கில் செதுக்கிய மேடு பள்ளத்துக்கு அந்த நம்பிக்கை வருவதில்லை.

படத்தின் ஆரம்பத்தில் தலைக்கு மேல் போய்க்கொண்டே இருக்குமே, முடிவே இல்லாத மாதிரி ஒரு முக்கோணக் கப்பல், அந்த மாடலின் நீளம் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர்தான். அது நகரவும் இல்லை. மாடல் அசையாமல் நிற்க, கேமராதான் தண்டவாளத்தில் அதை ஒட்டி ஊர்ந்தது. ஒரே அசைவை அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்யும்படி அந்தக் கேமராவை மின்னணு முறையில் கட்டுப்படுத்தினார்கள், படத்தின் தந்திரக் காட்சிகளைக் கவனித்த ஜான் டைக்ஸ்ட்ராவின் குழு செய்த வேலை. உங்கள் கட்டுரையாளர் குழம்பியது ஒருவேளை இந்த இடத்தில்தானோ என்னவோ.

‘ஸ்டார் வார்ஸு’க்கு முன்பே இங்கிலாந்தில் இப்படிக் கிடைத்ததை ஒட்டி மாடல் செய்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. 1965-ல் தொடங்கிய ‘தண்டர்பேர்ட்ஸ்’ என்ற டிவி பொம்மலாட்டத் தொடருக்கு ஸ்லவ் நகரில் டெரிக் மெடிங்ஸ் குழுவினர் மாடல் செய்தார்கள். அதில் ஒரு ராக்கெட் தளத்தின் சுவரில் ஏதோ பயங்கரமான கருவி மாதிரி தெரிவது எலுமிச்சம்பழம் பிழிகிற பிளாஸ்டிக் பிழிவான். 1968-ல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தின் பெரிய விண்கல மாடல் சுமார் 16 மீட்டர் நீளம், ஒரு பஸ்ஸை விட நீளம். அவ்வளவு பெரிசாகச் செய்தால்தான் கேமரா பக்கத்தில் போனாலும் விவரம் தாங்கும்.

‘அதெல்லாம் அமெரிக்கா, லண்டன், நமக்கு ஏன்’ என்று யாராவது சொல்வார்கள். வெளிநாட்டு கிட்டுகள் இங்கே யானை விலைதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் தூக்கிப் போடுகிற சாமான்களே பாதிக்கு மேல் போதும். மாத்திரை அட்டையைக் கவிழ்த்து ஒட்டினால் எரிபொருள் தொட்டிகளின் வரிசை. தீர்ந்த பேனா ரீஃபிலை நறுக்கினால் குழாய்கள். கெட்டுப்போன சிடி டிரைவைத் திறந்தால் பல்சக்கரம், சின்ன மோட்டார் என்று ஒரு பொக்கிஷமே இருக்கும். கலத்தின் உடம்புக்கு, ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடையில் மிச்சம் விழும் சன்போர்டு என்கிற லேசான பிளாஸ்டிக் அட்டைத் துண்டுகள், கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

தெர்மாகோலில் மட்டும் ஃபெவிகுவிக் வைக்காதீர்கள், அரித்துக் குழி விழும். ஸ்பிரே பெயின்ட்டும் அப்படித்தான். ஷாம்பு மூடி, தண்ணீர் பாட்டில் மூடி பார்க்க ராக்கெட்டின் வால் மாதிரியே அழகாக இருக்கும், ஆனால் அந்த வகைப் பிளாஸ்டிக்கில் பசையும் பிடிக்காது பெயின்ட்டும் நிற்காது, நகத்தால் கீறினால் தோலாக உரிந்து வரும். அதை உப்புத்தாள் போட்டு நன்றாகச் சொரசொரப்பாக்கி, கார் டிங்கர் வேலைக்கு அடிக்கிற சாம்பல் நிற பிரைமரை மெல்லிசாக இரண்டு தடவை அடித்தால் ஓரளவு நிற்கும். அந்தச் சாம்பல் நிறம் விழுகிற நிமிஷம்தான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்தது. அதுவரை மாத்திரை அட்டை, மூடி, ரீஃபில் என்று தனித்தனியாகத் தெரிந்தது எல்லாம் ஒரே இரும்பாகிவிடும்.

புதிதாகச் செய்கிறவர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் உடம்பு முழுக்க ஒட்டித் தள்ளுவார்கள். அது ஊறுகாயையே சோறாகச் சாப்பிடுகிற கதை. அந்த முக்கோணக் கப்பலையே கவனித்துப் பாருங்கள், மேல்தளம் பெரும்பாலும் சமதளத் தகடுகள், நுணுக்கமெல்லாம் பக்கவாட்டுப் பள்ளத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும். அப்புறம் ஜன்னல். ஜன்னலைக் கொஞ்சம் பெரிசாக வைத்துவிட்டால் போச்சு, மைல் கணக்கான கப்பல் சட்டென்று ஷேர் ஆட்டோ சைஸுக்கு வந்துவிடும். ஊசி முனையால் குத்திய ஓட்டைதான் சரி.

ஒரே ஒரு வேண்டுகோள். திருத்தம் போடுவதாக இருந்தால் அந்தக் கட்டுரை வந்த அதே ஞாயிறு இணைப்பில், கண்ணில் படுகிற மாதிரி போடுங்கள். வரி விளம்பரங்களுக்கு நடுவில் போட்டால் என்னை மாதிரி ஆட்கள் தவிர வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
திருச்சி.