கர்ப்பப்பை போகட்டும், சூலகம் இருக்கட்டும்

கல்லடி, மட்டக்களப்பு
12.07.2025

அன்பின் வாசுகி,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிறது. கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து தலை என்னை எழுத விடவில்லை. யன்னலைச் சாத்தி, நெற்றியில் ஈரத்துணியோடு இருட்டறையில் மூன்று நாள் கிடந்தேன். இன்று அதிகாலையில்தான் தெளிந்தது.

கர்ப்பப்பையை எடுப்பது முடிவாகிவிட்டதா என்று கேட்டிருந்தாய். ஆம். கட்டிகள் மூன்று. மாதத்தில் பத்து நாள் இரத்தம் போகிறது, ஹீமோகுளோபின் 8.1க்கு இறங்கிவிட்டது. வகுப்பில் ஒரு பாடவேளை நின்றாலே மூச்சு வாங்குகிறது. இரத்தத்தைக் குறைக்கக் கர்ப்பப்பைக்குள் ஓமோன் லூப்பும் வைத்துப் பார்த்தார்கள். ஆறு கிழமையில் வெளியே வந்துவிட்டது. ஆகவே அதில் எனக்குத் தயக்கம் இல்லை.

தூக்கத்தைக் கெடுத்தது சூலகங்கள்தான். "44 வயதாகிவிட்டது, இனி அவை எதற்கு? சேர்த்து எடுத்துவிட்டால் மாதாமாதம் வரும் தலையிடியும் போய்விடும்" என்று பெரியம்மா சொன்னார், பக்கத்து வீட்டு அக்காவும் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. தை மாதம் முதல் கலண்டரில் குறித்து வருகிறேன்: 16 தலையிடிகளில் 11, தீட்டு வருவதற்கு இரண்டு நாள் முன்னிருந்து மூன்றாம் நாளுக்குள் வந்தவை. அந்தக் கலண்டரையே கிளினிக்குக்குக் கொண்டு போனேன்.

வைத்தியர் நெடுநேரம் பார்த்துவிட்டு விளக்கினார். தீட்டுக்கு முன், சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோன் சட்டென்று இறங்குகிறது. அந்த இறக்கம்தான் தலையிடியை எழுப்புகிறது. இரண்டு சூலகங்களையும் எடுத்தால், இயற்கை பல வருடத்தில் செய்வது சில நாளில் நடந்துவிடும். வெயிலுக்கு வாவி மெல்ல வற்றுவதையும், மாரி வெள்ளத்தில் முகத்துவாரத்தை வெட்டியதும் தண்ணீர் பாய்ந்து இறங்குவதையும் நாம் சிறு வயதிலிருந்தே பார்த்தவர்கள்தானே. தானாகத் தீட்டு நின்ற பலருக்கு ஒற்றைத் தலையிடி தணிகிறதாம். சூலகங்களை எடுத்தவர்களுக்கு அது கூடிவிடுவதே அதிகமாம். எலும்பும் இதயமும் வேறு பாதிக்கப்படும். அதைத் தடுக்க 50 வயது தாண்டும்வரை வெளியிலிருந்து ஈஸ்ட்ரஜன் கொடுக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் சூலகப் புற்றுநோய் யாருக்கும் இல்லை. இருந்திருந்தால் கணக்கே வேறு.

தலையிடிக்கு முன் என் கண்ணில் வளைந்து வளைந்து ஓர் ஒளிக்கோடு ஓடுமே, அதையும் அவராகவே கேட்டார். அப்படித் தெரிகிறவர்கள் ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்தால் பக்கவாத ஆபத்து கூடுகிறது. நான்கு வருடத்துக்கு முன் இன்னொருவர், இரத்தப்போக்குக்கென்று அதே மாத்திரையைத்தான் ஒன்றுமே கேட்காமல் எனக்கு எழுதித் தந்தார். எட்டு மாதம் விழுங்கினேன், வாசுகி. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பிற்காலத்தில் எனக்கு ஈஸ்ட்ரஜன் தேவைப்பட்டால், மாத்திரையை விடத் தோலில் ஒட்டும் பட்டையோ பூசும் ஜெல்லோ நல்லது, அளவு ஏறி இறங்காது என்றார் கிளினிக் வைத்தியர்.

ஆகவே கர்ப்பப்பை மட்டும். தலையிடி இதனால் போய்விடும் என்று நான் நம்பவில்லை. சூலகங்கள் தம் சுற்றில் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இரத்தம் என்ற அடையாளம்தான் இருக்காது, கலண்டரில் எதை வைத்துக் குறிப்பேனோ தெரியாது. இப்போது தலையிடி வராமல் தடுக்கப் புரோப்ரனலோல் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். சோர்வாக இருக்கிறது, ஆனால் ஆனி மாதத்தில் இரண்டே தலையிடிதான்.

உன்னைப் பற்றியும் ஒன்று. தலையிடிக்குக் கிழமைக்கு நாலு நாள் பனடோல் போடுவதாக எழுதியிருந்தாய். மாதத்தில் 15 நாள் என்ற கணக்கில் அது தொடர்ந்து போனால், மாத்திரையே தலையிடியைக் கொண்டுவரும். தயவுசெய்து எண்ணிப் பார்.

சத்திரசிகிச்சை ஆவணிக் கடைசியில். ஆறு கிழமை பாரம் தூக்கக் கூடாது, கிணற்றில் தண்ணீர் அள்ளவும் கூடாது. அக்கரைப்பற்றிலிருந்து காலை பஸ்ஸில் ஏறி வந்து, நாலு நாளாவது என்னோடு இரு. வரும்போது உன் கலண்டரையும் கொண்டு வா.

அன்புடன்,
சாந்தி