'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் ஓர் அட்வெர்ப்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த ஆங்கில இலக்கணப் பகுதியைப் படித்தேன். 'டு' என்ற சொல்லுக்கும் அதை அடுத்து வரும் வினைக்கும் இடையில் அட்வெர்ப் (வினையடை) எதையும் நுழைக்கக் கூடாது, நுழைத்தால் பிழை, தேர்வில் மதிப்பெண் போய்விடும் என்று பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். இதையே நான் 31 வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன். அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் பக்கம் வந்த அன்று சாயங்காலம், என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். இப்போது நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறாள். குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் பஸ் ஏறினால் இந்தத் தேர்வைப் பற்றிப் பேசிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்க்கலாம். நோயாளி ஒருவரைப் பற்றி இன்னொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ கடிதம் எழுதுவது அதில் ஒரு பகுதி. பயிற்சி மையத்தில் எழுதிப் பார்த்த கடிதத்தை அவள் கையோடு கொண்டுவந்திருந்தாள். ஒரு வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

அவள் எழுதியிருந்தது இது: 'த டாக்டர் அட்வைஸ்ட் ஹெர் டு கிராஜுவலி ரெட்யூஸ் த டோஸ்.' நோயாளி பல வாரமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வரும் பெண்மணி. அளவைப் படிப்படியாகக் குறைக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். படித்தவுடன் புரிகிற வாக்கியம். திருத்தியவர் 'கிராஜுவலி'யைத் தூக்கி 'டு'வுக்கு முன்னால் வைத்துவிட்டார்: 'அட்வைஸ்ட் ஹெர் கிராஜுவலி டு ரெட்யூஸ் த டோஸ்.' ஓரத்தில் 'ஸ்பிலிட்' (பிளவு) என்று ஒரே ஒரு சொல்.

இப்போது படித்துப் பாருங்கள். படிப்படியாக நடந்தது எது, குறைப்பதா, அறிவுரையா? டாக்டர் நாலைந்து தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக அறிவுரை சொன்னார் என்றும் அர்த்தம் வருகிறதே! பல வாரம் ஸ்டீராய்டு எடுத்தவர் அதைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. உடம்பு தானாகச் சுரப்பதை அதற்குள் குறைத்துக்கொண்டிருக்கும்; பழைய நிலைக்குத் திரும்ப அதற்கு நாள் வேண்டும். இதை எனக்கு விளக்கிச் சொன்னதே அந்தப் பெண்தான். அப்படிப்பட்ட இடத்தில் அந்த ஒரு சொல் எந்த வினையோடு ஒட்டுகிறது என்பது இலக்கணக்காரர்களின் கவலை மட்டும் இல்லை.

தமிழிலும் இந்த வம்பு உண்டு. 'கொத்தனார் நேற்று வரச் சொன்னார்' என்று ஒருவர் சொன்னால், நேற்றைக்கு வா என்றாரா, வா என்று நேற்றுச் சொன்னாரா? இரண்டும் வரும். 'வர', 'குறைக்க' போன்ற 'செய' வாய்பாட்டு எச்சங்கள்தான் ஏறக்குறைய நம்முடைய இன்ஃபினிட்டிவ் (ஆங்கிலத்தில் 'டு'வோடு வரும் வினைவடிவம்). தமிழில் அது ஒரே சொல் என்பதால் நடுவில் எதையும் செருக வழியில்லை. அடை முன்னால்தான் நிற்க வேண்டும். பின்னால் இரண்டு வினை வந்தால் எதில் ஒட்டுவது என்று அது விழிக்கும். ஆங்கிலத்தில் 'டு' தனி, வினை தனி. அந்த இடைவெளியில் வைத்த அட்வெர்ப் அடுத்த வினையைத் தவிர வேறு எதையும் பிடித்துக்கொள்ளாது. நமக்கு இல்லாத ஒரு வசதி அது. அதைத்தான் குற்றம் என்று பெட்டி கட்டிச் சொல்கிறோம்.

இந்தத் தடை எங்கிருந்து வந்தது என்று ஓய்வுபெற்ற பிறகுதான் தேடிப் பார்த்தேன். ஆங்கிலேயர்கள் 14-ஆம் நூற்றாண்டுக்கு முன்பே இப்படி எழுதியிருக்கிறார்கள். தடை பேசப்பட்டது 19-ஆம் நூற்றாண்டில். கேன்டர்பரி தேவாலயத்தின் டீனாக (தலைமைக் குருவாக) இருந்த ஹென்றி ஆல்ஃபோர்டுக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதி, நான் அட்வெர்பை நடுவில்தான் வைக்கிறேன், அதில் என்ன தப்பு என்று கேட்டிருக்கிறார். ஆங்கிலம் பேசுகிறவர்களிடமும் எழுதுகிறவர்களிடமும் அப்படி ஒரு வழக்கமே கிடையாதே என்று 1864-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் டீன் பதில் எழுதினார். வழக்கம் நூற்றாண்டுக்கணக்கில் இருந்தது. அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். ஆனால் வாசகர் தோற்றார், டீன் ஜெயித்தார்.

1871-ல் இது ராஜாங்க விஷயமாகவே ஆகிவிட்டது. பிரிட்டனும் அமெரிக்காவும் வாஷிங்டனில் உடன்படிக்கை பேசிக்கொண்டிருந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அலபாமா என்ற கப்பலாலும் அதைப் போன்றவற்றாலும் வந்த நஷ்டம் முக்கியமான வழக்கு. பிரிட்டிஷ் குழுவில் இருந்த ஸ்டாஃபோர்ட் நார்த்கோட் சொன்ன தகவல் இது: எத்தனையோ விஷயத்தில் விட்டுக்கொடுக்கச் சம்மதித்த லண்டன், 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் அட்வெர்ப் வருவதை மட்டும் பொறுக்க மாட்டோம் என்று தந்தி அடித்ததாம். படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் என் பழைய சிவப்புப் பேனா ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

லத்தீனில் இந்த வினைவடிவம் ஒரே சொல், பிளக்க முடியாது, ஆகவே ஆங்கிலத்திலும் பிளக்காதே என்று ஒரு காரணம் சொல்வார்கள். தமிழிலும் ஒரே சொல்தானே? அப்படிப் பார்த்தால் நாமும் லண்டனுக்கு ஒரு தந்தி அடித்திருக்கலாம். தொல்காப்பியத்தைக் கேள்வி கேட்டுத் தேர்ந்த அதங்கோட்டாசான் எங்கள் ஊர்க்காரர் என்று நாங்கள் பெருமை பேசுகிறவர்கள்; அந்த உரிமை எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு!

1926-ல் ஃபவுலர் தன் ஆங்கில வழக்கு அகராதியில் இந்த விஷயத்தில் மனிதர்களை ஐந்து வகையாகப் பிரித்தார். முதல் வகைக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, கவலையும் கிடையாது. அவர்கள்தான் பொறாமைப்படத் தக்க ஜனங்கள் என்கிறார். அது என்னவென்றே சரியாகத் தெரியாமல் ரொம்பக் கவலைப்படுகிறவர்கள் இரண்டாம் வகை. நான் வேலை பார்த்த காலமெல்லாம் அந்த வகை.

அந்த வகைக்காரர்கள் செய்யும் சேதத்துக்கு ஓர் உதாரணம். 'டு பீ கம்ப்ளீட்லி கியூர்ட்' என்பதில் பிளவே இல்லை. 'டு'வை ஒட்டி 'பீ' வந்துவிட்டது, அதற்குப் பிறகுதான் அட்வெர்ப். ஆனால் பயந்துபோன பிள்ளைகள் அதையும் 'கம்ப்ளீட்லி டு பீ கியூர்ட்' என்று மாற்றி எழுதுவார்கள். நாங்களும் அதற்கு சரி போட்டிருக்கிறோம். பெரிய இடத்திலும் இந்தப் பயம் உண்டு போலிருக்கிறது. 2009-ல் ஒபாமா பதவியேற்றபோது தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், 'வில் ஃபெய்த்ஃபுலி எக்ஸிக்யூட்' என்ற உறுதிமொழியில் 'ஃபெய்த்ஃபுலி'யைக் கடைசிக்குத் தள்ளிச் சொல்லிவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் வெள்ளை மாளிகையில் இன்னொரு முறை உறுதிமொழி எடுத்தார்கள். வினைக்கூட்டின் நடுவில் அட்வெர்ப் வரக் கூடாது என்ற பழைய பழக்கம்தான் அவர் நாக்கைப் புரட்டியிருக்கும் என்பது மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கரின் கணிப்பு.

சில வாக்கியங்களில் பிளக்காமல் தப்பிக்கவே முடியாது. 'த ரப்பர் ப்ரைஸ் இஸ் எக்ஸ்பெக்டட் டு மோர் தேன் டபுள்' என்று எழுதிவிட்டு (ரப்பர் போட்டிருக்கிறவர்கள் ஆசையாகப் படிக்க வேண்டிய வாக்கியம்), அந்த 'மோர் தேன்' இரண்டையும் எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? முன்னாலும் நிற்காது, பின்னாலும் நிற்காது.

அதற்காக எல்லா இடத்திலும் பிளந்து தள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. 'டு' என்று எழுதிவிட்டு, குடும்பத்தாரிடம் பேசி, டாக்டரிடம் கேட்டு என்று ஏழெட்டுச் சொல்லை அடுக்கி அதற்கப்புறம் வினையைக் கொண்டுவந்தால் படிக்கிறவருக்கு மூச்சு முட்டும். பல இடத்தில் கடைசியில் வைப்பதே அழகு. அந்தப் பெண்ணிடமும், "மக்ளே, 'டு ரெட்யூஸ் த டோஸ் கிராஜுவலி' என்று எழுதிவிடு. உன் வாக்கியமும் சரிதான், ஆனால் திருத்துகிறவர் எந்த வகை என்று நமக்குத் தெரியாதே" என்றுதான் சொல்லி அனுப்பினேன். டோஸ் என்று சின்னதாக முடிந்ததால் அங்கே அது சரிப்பட்டது. டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து காலையும் இரவும் எடுத்துவரும் மாத்திரையின் டோஸ் என்று நீண்டுபோனால், வாலில் தொங்கும் 'கிராஜுவலி' குறைப்பதை விட்டுவிட்டு மாத்திரை எடுப்பதைப் பிடித்துக்கொள்ளும். அங்கே நடுவில் வைப்பதுதான் நல்லது. வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பெட்டி கட்டிப் போட ஏற்ற சங்கதி இல்லை இது.

போகும்போது அவள் வாசலில் நின்று, "சார், டென்த்ல இதுக்குத்தான் நீங்க எனக்கு அரை மார்க் குறைச்சீங்க" என்றாள். எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு வாக்கியமே ஞாபகம் இருந்தது. திற்பரப்புக்குச் சுற்றுலா போனதைப் பற்றிய கட்டுரை: 'வி வான்டட் டு ஃபுல்லி என்ஜாய் த ஃபால்ஸ்.' நான் அதை 'ஃபுல்லி டு என்ஜாய்' என்று மாற்றியிருந்தேனாம். எந்தப் பிள்ளை அருவியில் குளித்துவிட்டு வந்து அப்படிப் பேசும்? சாயா குடித்துவிட்டுப் போ என்றேன். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது சார் என்று கிளம்பிவிட்டாள்.

ஆகவே, அடுத்த வாரம் மாணவர் பக்கத்தில் ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். பெட்டி போன வாரத்து அளவிலேயே இருக்கட்டும். அடியில் பொடி எழுத்தில் வரும் திருத்தங்களை எங்கள் ஊர் வாசகசாலையில் யாரும் படிப்பதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
அதங்கோடு, கன்னியாகுமரி மாவட்டம்.