மிதக்கும் மால் என்று எழுதியவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் ஒருவர் சொகுசுக் கப்பல்களைப் பற்றி எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். அந்தக் காலத்தில் கப்பல் பயணம் என்றால் ஒரு கௌரவம், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு கேப்டனோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள், இப்போது எல்லாம் மிதக்கும் மால் ஆகிவிட்டது என்று வருத்தப்பட்டிருந்தார். அந்தக் கோட்டுக்காரர்கள் சாப்பிட்ட தட்டைக் கழுவியவன் நான். 1993-ல் யூட்டிலிட்டியாக, அதாவது பாத்திரம் தேய்ப்பவனாக, கப்பலில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்புறம் கேலியில் (கப்பலில் சமையலறைக்கு அதுதான் பெயர், கிண்டல் இல்லை) சமையல்காரனாகி, 2020-ல் கொரோனாவில் கப்பல்கள் நின்றபோது ஊருக்கு வந்து சேர்ந்தேன். போன வருஷம் முதல்முறையாகக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, மனைவியோடு சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் என்று நாலு நாள் பயணியாகப் போய்வந்தேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். நான் ஏறிய முதல் கப்பலிலும் இரண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி நீட்டி ஆட்டத்தைக் குறைக்கும் தகடுகள் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பின்பக்கத்து டைனிங் ஹாலில் கப்பும் சாசரும் எந்நேரமும் கிணுகிணு என்று பேசிக்கொண்டே இருக்கும். எஞ்சினிலிருந்து நீளமான ஷாஃப்ட் போய், கப்பலைத் தள்ளுகிற சுழலியைச் சுற்றுகிற அதிர்வு அது. அலை பெரிதான ராத்திரிகளில் மேஜை விரிப்பைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து நனைத்துவிடுவோம், தட்டு வழுக்காது. பயணிகள் அதை ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துக்கொள்வார்கள். 1998-ல் கார்னிவல் எலேஷன் என்ற கப்பலில்தான் முதன்முதலாக ஒரு சொகுசுக் கப்பலுக்கு அசிபாட் வைத்தார்கள். சுழலியைச் சுற்றுகிற மின்மோட்டாரையே ஒரு கூட்டில் வைத்துக் கப்பலுக்கு அடியில் வெளியே தொங்கவிட்டு, அது எந்தத் திசைக்கும் திரும்புகிற மாதிரி செய்த ஏற்பாடு. நீள ஷாஃப்டும் போயிற்று, அதிர்வும் பெரும்பாலும் போயிற்று. போன வருஷம் முதல் நாள் ராத்திரி என் மனைவி, "கப்பல் கெளம்பிருச்சா இல்லையா?" என்று கேட்டு, நம்பாமல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி மேஜையில் வைத்து, அது தளும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் எரிச்சல்பட்டு அவளே குடித்துவிட்டாள்.

இப்போதைய கப்பல்கள் ஊதிப்போய்விட்டன என்கிறார் உங்கள் வாசகர். ஊதியது உண்மைதான். டைட்டானிக் 46,000 டன் சொச்சம் (கப்பலில் டன் என்பது உள்ளே எவ்வளவு இடம் என்ற கணக்கு, எடை அல்ல). 2024-ல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் இரண்டரை லட்சம் டன்னைத் தொடுகிறது, 20 தளம், நெருக்கி ஏற்றினால் 7,600 பயணிகள். நம் சென்னையிலிருந்து 2022-ல் கிளம்பிய கார்டிலியா கம்பெனியின் எம்ப்ரஸ் கப்பல் இருக்கிறதே, அது 48,000 டன் சொச்சம், டைட்டானிக்கை விடக் கொஞ்சம்தான் பெரிசு. 1990-ல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று நாள், நாலு நாள் டிரிப் அடிக்கவென்றே கட்டியது. அதில் பால்கனி வைத்த அறைகள் கொஞ்சம்தான், ஏனென்றால் அந்தக் காலத்துக் கணக்கு அப்படி. 1984-ல் ராயல் பிரின்சஸ் என்ற கப்பல் எல்லா அறையும் கடலைப் பார்த்தபடி என்று வந்தபோது அது அதிசயம். என் கப்பலில் பாதிப்பேருக்கு ஜன்னலே கிடையாது, மீதிப்பேருக்குத் திறக்க முடியாத வட்டக் கண்ணாடி. இப்போது நைட்டியோடு பால்கனியில் உட்கார்ந்து என் மனைவி காபி குடிக்கிறாள். பாத்ரூம் வாசலில் முழங்காலைப் பதம்பார்க்கிற உயரமான இரும்புப் படியும் இல்லை. மூட்டுவலிக்காரிக்கு இதைவிட என்ன கௌரவம் வேண்டும்?

சாப்பாட்டுக்கு வருகிறேன், அதுதான் என் துறை. முன்பு ராத்திரி ஆறு மணிக்கு ஒரு பந்தி, எட்டரைக்கு ஒரு பந்தி. எந்தப் பந்தி, எந்த மேஜை, யாரோடு என்று கப்பல்காரன் முடிவு செய்வான், பிடிக்காத ஆளோடு ஏழு நாளும் முகம் பார்த்துச் சாப்பிட வேண்டும். 2000-ல் நார்வேஜியன் என்ற கப்பல் கம்பெனி, எப்போது வேண்டுமானாலும் வாங்க, எங்கே வேண்டுமானாலும் உட்காருங்க என்று ஆரம்பித்தது, மற்றவர்களும் ஒவ்வொருவராக வழிக்கு வந்தார்கள். சைவம் என்றால் அப்போது வேகவைத்த காய், சுட்ட உருளைக்கிழங்கு, பாஸ்தா, தீர்ந்தது. அமெரிக்காவில் மகன் வீட்டுக்கு வந்த ஒரு மாமி, மூன்று நாள் பார்த்துவிட்டு நாலாம் நாள் வெயிட்டரிடம் தயிர்சாதம் கேட்டு, அவன் ஒன்றும் புரியாமல் என்னைக் கூப்பிட்டான். சோறு இருக்கிறது, தயிர் இருக்கிறது, பயணிகள் கேலியில் கடுகு இல்லை. கீழே ஐ-95-ல் ஓடி (கப்பலின் நீளத்துக்கும் போகிற ஊழியர் வழிக்கு அந்தப் பெயர், அமெரிக்க நெடுஞ்சாலைப் பெயர்) ஊழியர்கள் சாப்பிடும் க்ரூ மெஸ்ஸில் இந்தியச் சமையல்காரரிடம் ஒரு பிடி கடுகு வாங்கிவந்து தாளித்துக் கொடுத்தேன். மேல்தளத்துச் சமையலறையில் அந்த வாசனைக்கு செஃப் என்னைத் திட்டியது தனிக்கதை. போன வருஷம் காலையில் பஃபேயில் சாம்பாரே வைத்திருந்தார்கள். கொஞ்சம் இனிப்பாக இருந்தது, அதை விடுங்கள்.

சுத்தத்தில் வந்த மாற்றம் பயணிக்குத் தெரியாது. எங்களுக்கு யமன் மாதிரி ஒருத்தர் உண்டு, யு.எஸ்.பி.எச். என்று சொல்வோம், அமெரிக்க சுகாதாரத்துறை ஆய்வாளர். 1975-லிருந்தே அமெரிக்கத் துறைமுகங்களில் சொல்லாமல் கொள்ளாமல் ஏறிவிடுவார்கள். நூற்றுக்கு 86 வாங்கினால் பாஸ், 85 என்றால் ஃபெயில், மதிப்பெண்ணை ஊருக்கே வெளியிடுவார்கள். சிவப்பு வாளியில் சோப்புத் தண்ணீர், சாம்பல் வாளியில் அலசும் தண்ணீர், வெள்ளை வாளியில் கிருமிநாசினி, வரிசை மாறினால் சூப்பர்வைசர் முறைக்க ஆரம்பிப்பார். நான் சேர்ந்த புதிதில் பஃபே வாசலில் கை கழுவுகிற பேசின் பார்த்ததில்லை. இப்போது வாசலிலேயே பேசின் வைத்து, கழுவாமல் போனால் ஒருத்தர் பாட்டுப் பாடியாவது திருப்பி அனுப்புகிறார். வயிற்றுப்போக்கு வைரஸ் இன்றும் சில கப்பல்களில் பரவத்தான் செய்கிறது, ஆனாலும் இந்தப் பேசினுக்கே நான் டிக்கெட் காசில் பாதி கொடுப்பேன்.

பாதுகாப்புப் பயிற்சியும் அப்படித்தான். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். அன்று சாயங்காலம் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை, 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றுதான் அப்போது விதி. இப்போது கிளம்புவதற்கு முன்னால் அல்லது கிளம்பிய உடனே முடித்தாக வேண்டும். முன்பு தடித்த ஆரஞ்சு உயிர்காப்பு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் அரைமணி நேரம் நிற்கவேண்டும். இப்போது போனில் வீடியோ பார்த்துவிட்டு, நம் கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும். ஆபத்து வந்தால் எங்கே போகவேண்டும் என்று என் மனைவிக்கு இன்றும் நினைவிருக்கிறது.

எல்லாம் தங்கம் என்று சொல்லமாட்டேன். காபி நல்லதாக வேண்டுமா தனிக் காசு, இன்டர்நெட்டுக்குத் தனிக் காசு, டிப்ஸைக் கேட்காமலே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஊர் தாங்காமல் வெனிஸ் 2021-ல் பெரிய கப்பல்களை நகருக்குள் வரக்கூடாது என்று நிறுத்தியது, அதுவும் நியாயம்தான். நடுராத்திரி விருந்து போய்விட்டதே என்று சிலர் ஏங்குகிறார்கள். ஐஸில் செதுக்கிய அன்னப்பறவையைத் தூக்கிவந்து வைத்துவிட்டு, இரண்டு மணிக்கு மிச்சத்தை வாளி வாளியாகக் கொட்டியவனுக்கு அந்த ஏக்கம் வராது.

கடைசி நாள் பஃபேயில் நின்ற பையனின் பெயர்ப்பட்டையில் இந்தியா என்று போட்டிருந்தது. விசாரித்தால் திருச்செந்தூர் பக்கம். "ஐ-95 இன்னும் அதே பேருதானா தம்பி?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "அண்ணாச்சி நம்ம ஆளா?" என்றான். ராத்திரி டியூட்டி முடிந்ததும் தினமும் அம்மாவிடம் வீடியோவில் பேசுவானாம், சில நாள் அம்மாவே போதும் தூங்குடா என்று வைத்துவிடுவாராம். 1996-ல் என் மகள் பிறந்தது எனக்கு ஐந்து நாள் கழித்து நாசாவ் துறைமுகத்து போன் பூத்தில்தான் தெரிந்தது. முன்னால் நாற்பது பேர் வரிசை. ஊரில் பக்கத்து வீட்டுக்குத்தான் போன், அவர்கள் ஓடிப்போய் என் அம்மாவைக் கூட்டிவருவதற்குள் பத்து டாலர் கார்டில் பாதி தீர்ந்துவிட்டது. பெண் குழந்தை என்றது மட்டும் கேட்டது. எடை எவ்வளவு என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர்,
தூத்துக்குடி.