ஓடி முடிச்ச நாய்

டேய் முருகா,

முட்டி வலி பரவாயில்லையா? போன வாரம் போன்ல பேசறப்போ யாருடா பின்னாடி பெருமூச்சு விடுறதுன்னு கேட்டேல்ல, அது எங்க வீட்டு புது ஆள். ரேஸ்ல ஓடி ரிட்டயர் ஆன கிரேஹவுண்ட் நாய், நாலு வயசு, அடாப்ட் பண்ணிட்டோம். பாத்தா அப்படியே உங்கப்பா வளத்த சிப்பிப்பாறை தான், அதே ஒட்டின வயிறு, அதே நீட்டு மூஞ்சி. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல ஓடுற ஜாதிடா, ஆனா வந்த அன்னிக்கு மாடிப்படி ஏறத் தெரியாம கீழயே நின்னு நடுங்குச்சு, கண்ணாடிக் கதவுல நேரா போய் முட்டிக்கிச்சு. கூண்டு, வேன், ட்ராக், இதத் தவிர வேற எதப் பாத்துச்சு பாவம். வலது பின்னங்கால்ல தகடு வச்சிருக்காங்க. எப்பவும் இடது பக்கமே திரும்பி ஓடுறதால அந்தக் கால்ல தான் பாரம் விழுமாம், அதுலயும் முதல் வளைவுல எட்டு நாயும் ஒண்ணா நெருங்கி மோதிக்கும். ஆறு நாய் போதும், வளைவில்லாத நேர் ட்ராக் போடுங்கன்னு இங்க சிட்னில ஒரு யூனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்ணி சொன்னாங்க, இன்னும் பல இடத்துல எட்டு தான் ஓடுது.

2015ல டிவில காட்டினாங்கடா, முயல், பன்னிக்குட்டியெல்லாம் உயிரோட கட்டிவிட்டு நாய்க்கு ட்ரெயினிங் குடுக்கறத. அப்புறம் மைக்கேல் மெக்ஹியூன்னு முன்னாள் ஹைகோர்ட் ஜட்ஜ் (ஆஸ்திரேலியால அது தான் நாட்டோட உச்ச கோர்ட்) விசாரிச்சாரு, எங்க நியூ சவுத் வேல்ஸ் ஸ்டேட்ல மட்டும் 12 வருஷத்துல 48,000லேருந்து 68,000 நாய் வரைக்கும் வேகம் பத்தலன்னு கொன்னிருக்காங்கன்னு 2016 ரிப்போர்ட்ல வந்துச்சு. பிரீமியர், அதான் நம்மூர் முதலமைச்சர் மாதிரி, மைக் பேர்ட் ஜூலைல ரேஸுக்கே தடைன்னாரு, கூட்டணிக் கட்சிக்காரங்க, ரேஸ்காரங்க போட்ட கூச்சல்ல அக்டோபர்ல வாபஸ். மூணே மாசம்! பக்கத்து நியூஸிலாந்துல 2024 டிசம்பர்ல மூடறோம்னு அறிவிச்சாங்க.

இவனக் கூட்டிட்டு வந்தப்ப பெருமையா தான் இருந்துச்சு. ஆனா ரெண்டு மூணு வருஷம் ஓடுற நாய்க்கு ஆயுசு பன்னெண்டு வருஷம், மிச்ச காலத்துக்கு எத்தன சோபா இருக்கு சொல்லு, குட்டி போட வைக்கறதக் குறைக்காம எங்கள மாதிரி ஆளுங்க எடுத்துட்டே இருந்தா ரேஸ்காரங்களோட அடுத்த நாய்க்கு இடம் காலி பண்ணிக் குடுக்கற வேலை தானடா இது. மீனா என்னைத் திட்டுறா, யோசிக்காம போய் அதுக்கு ஸ்வெட்டர் போட்டுவிடுன்னு. உடம்புல கொழுப்பே இல்ல, குளிருக்கு நடுங்குது.

ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். உங்கப்பாவோட அந்த சிப்பிப்பாறை, முயலுக்கு ஓட முடியாம போனப்புறம் என்னடா ஆச்சு? சின்ன வயசுல நாம கேக்கவே இல்லல்ல.

தங்கச்சியக் கேட்டதா சொல்லு.

செல்வம்
சிட்னி