ஃபிலிம் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

தலைவர் அய்யாவுக்கும் வந்திருக்கற உறுப்பினர்களுக்கும் வணக்கமுங்க. வராதவங்களுக்கும் வணக்கம், இத அப்படியே வாட்சப் குரூப்புலயும் போட்டுடறேன், படிக்காட்டியும் வழக்கம்போல ஒரு கட்டைவிரல் போட்டுவிடுங்க.

மொதல்ல வழக்கமான சமாச்சாரம். 12 திரையிடல் நடந்திருக்கணும், 9 நடந்துச்சு. ரெண்டு மழையில போச்சு, ஒண்ணு ப்ரொஜெக்டர் பல்புனால போச்சு. மே மாசம் குழந்தைகள் படவிழா நல்லபடியா முடிஞ்சுது. செயற்குழு நாலு தடவ கூடுச்சு, அதுல ரெண்டு தடவதான் கூட்டம் நடத்தத் தேவையான ஆளு (கோரம்) இருந்துச்சு. மூத்த உறுப்பினர் ஒருத்தர் தவறிட்டாரு, அவருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி நான் பேசியே ஆகவேண்டிய விஷயம், சினிமா, டிவி ஆராய்ச்சி பண்றவங்கள கூப்பிட்டு நடத்தின ‘ஆய்வாளரோட ஒரு சாயங்காலம்’. போன பொதுக்குழுல இத நான் சொன்னப்ப எல்லாருமே கை தட்டினீங்க, மினிட்ஸ்ல இருக்குது. மொத நிகழ்ச்சிக்கு வந்தது 11 பேர், டீ கொண்டாந்தவரும் எங்க வீட்டம்மாவும் அதுல சேத்தி. அன்னிக்கு ராத்திரியே ஒருத்தர் குரூப்புல ‘நாம படம் போடற சங்கமா, பாடம் எடுக்கற சங்கமா’ன்னு கேட்டாரு, அதுக்கு 14 லைக். பதில் போடலாம்னு டைப் பண்ணி டைப் பண்ணி அழிச்சேன், அந்த பதில்தான் இந்த அறிக்கைன்னு வெச்சுக்குங்க.

மொதல்ல வந்தவர் மௌனப்பட வரலாறு ஆராய்ச்சி பண்றவரு, சென்னைலேர்ந்து ராத்திரி ரயில்ல உக்காந்தே வந்தாரு, லாட்ஜ் போட பணமில்லன்னு எங்க வீட்லயே தங்க வெச்சோம். அந்தக் காலத்துல மெட்ராஸ் பக்கம் எடுத்த மௌனப்படம் கிட்டத்தட்ட எதுவுமே கையில இல்லீங்க. நைட்ரேட் ஃபிலிம், பட்டுனு தீப்பிடிக்கும், பிடிக்காட்டியும் பெட்டிக்குள்ளயே மக்கிப் பொடியாயிடும், அதுக்கும் தப்பினத, ஃபிலிம்ல இருக்கற வெள்ளிய எடுக்கறதுக்குன்னு உருக்கிட்டாங்க. நாகர்கோவில்காரர் சுந்தர்ராஜ் எடுத்து 1933ல வந்த மார்த்தாண்ட வர்மா மட்டும் எப்படி பொழச்சுதுன்னா, அது ஒரு மலையாள நாவல், உரிமை எங்களுதுன்னு பதிப்பகத்துக்காரங்க கேஸ் போட்டு படத்த நிறுத்திட்டாங்க, பெட்டி அப்படியே முடங்கிக் கெடந்து 1974ல புனே ஃபிலிம் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேந்துச்சு. ஊர் ஊரா ஓடுன படமெல்லாம் தேஞ்சு போச்சு, கோர்ட்டுல மாட்டுனது இருக்குது. நம்ம வக்கீல் உறுப்பினர் அன்னிக்கு வந்திருந்தா ரொம்ப சந்தோசப்பட்டிருப்பாரு, வரல.

அப்ப படமே இல்லாம வரலாறு எப்படிங்க எழுதறீங்கன்னு நான்தான் கேட்டேன். அதுக்கு அவரு, வீட்ல யார்கிட்டயாவது பழைய சினிமா பாட்டுப்புத்தகம் இருக்கான்னு திருப்பிக் கேட்டாரு. நம்ம உறுப்பினர் ஒருத்தர் அவங்க பாட்டி ட்ரங்க் பொட்டில இருந்த ஒண்ண ஸ்கூட்டர்ல போய் எடுத்துட்டு வந்தாரு. முன்னட்டை இல்ல, பின்னு துருப்பிடிச்சு பேப்பர்ல ரெண்டு காபி கலர் வட்டம், தொட்டா உதிருது. மனுசன் பாட்டுப் பக்கமே போகலீங்க. பின்னாடி இருந்த மருந்து விளம்பரத்தப் பாத்தாரு, அச்சடிச்ச பிரஸ் எந்த ஊருன்னு பாத்தாரு, ஓரத்துல பாட்டி பென்சில்ல எழுதி வெச்சிருந்த பால் கணக்க கண்ணாடிய கழட்டிட்டு கிட்டக்க வெச்சுப் படிச்சாரு. கதைச் சுருக்கம் முடியற எடத்துல, நம்ம பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ன்னு போட்டிருக்குமில்ல, அதுமேல வெரல வெச்சு ‘இந்த மீதி இனி எங்கயும் கிடைக்காதுங்க, இருக்கறது இவ்ளோதான்’னாரு. கொஞ்ச நேரம் யாரும் பேசல.

அதுக்கப்புறம் கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி, உங்க சங்கத்துப் பழைய நோட்டீஸ், வருகைப் பதிவேடு எல்லாம் எங்கன்னு. நாப்பது வருசச் சங்கம். எல்லாத்தையும் கிலோ கணக்குல பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டாச்சுன்னு நான் சொல்ல வேண்டியதாப் போச்சு. எந்தச் செயலாளர் காலத்துல நடந்ததுன்னு நான் சொல்லல, இங்கயும் சொல்லப் போறதில்ல. வவுச்சர் எங்க, தீர்மானம் எங்கன்னு எல்லாரும் கேக்கற, பேச்சப் பதியற அந்த ரெக்கார்டர அடுத்த நாள்தான் வாங்கினேன். அதுக்கப்புறம் நடந்த ரெண்டு சாயங்காலமும் முழுசா பதிவுல இருக்குது, கேக்கறவங்க பென்ட்ரைவ் கொண்டாந்தா குடுக்கறேன், இதுவரைக்கும் ஒருத்தரும் கொண்டாரல.

ரெண்டாவது சாயங்காலம் தியேட்டர் பத்தி. நம்மூர் சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சி ரயில்வே ஆபீஸ்ல வேல பாத்தவரு, 1905ல பிரெஞ்சுக்காரர் ஒருத்தர்கிட்ட ப்ரொஜெக்டரும் ஃபிலிமும் வாங்கி டெண்ட்ட தூக்கிட்டு ஊர் ஊரா போயி, கடைசியா 1914ல இங்க கோயமுத்தூர்ல வெரைட்டி ஹால்னு தியேட்டர் கட்டினாரு. அந்த ரோட்டு பேர தெனம் ஆட்டோக்காரர்கிட்ட சொல்றோம், ஏன் அந்தப் பேருன்னு நம்மள்லயே பாதிப் பேருக்குத் தெரியல. பேச்சு அங்கேர்ந்து சிவத்தம்பி கிட்ட போச்சு. யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981ல இங்கிலீஷ்ல ஒரு சின்ன புக்கு போட்டாரு, தமிழ்ப்படம் எப்படி அரசியல் சாதனமாச்சுன்னு. அதே வருசம்தான் தபால் துறைல இருந்துகிட்டே தியடோர் பாஸ்கரன் நாடகம், பாட்டு, சினிமாவுக்கும் சுதந்திரப் போராட்டத்துக்கும் இருந்த தொடர்ப எழுதினதும் புக்கா வந்துச்சு. சிவத்தம்பி சொல்றது என்னன்னா, தமிழங்க எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ உக்காந்த மொத அரங்கம் சினிமாக் கொட்டகைதான், உக்கார்ற எடத்த சாதி அந்தஸ்து தீர்மானிக்கல, கையில இருந்த காசு தீர்மானிச்சுது. இதக் கேட்டதும் நம்ம மூத்த உறுப்பினர் ஒருத்தர் எந்திரிச்சு, எங்கூர் டெண்ட்ல தரை டிக்கெட்லயும் யார் எங்க உக்காரணும்னு எங்களுக்குத் தெரியும், யாரும் சொல்லத் தேவையில்லன்னாரு. அன்னிக்குப் பேச வந்த ஆய்வாளர் எதுத்துப் பேசாம, எந்த ஊரு, எந்த வருசம், எந்த மூலைன்னு குறிச்சுக்கிட்டாரு. எனக்கு அந்த வருசத்துலயே புடிச்ச நிமிசம் அதுதான். (காசு குடுத்தவங்க குடுக்காதவங்க எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ உக்கார்ற எடம்னா அது நம்ம சங்கம்தான், அதுக்கு அப்புறம் வரேன்.)

மூணாவதா வந்த அம்மா, தொலைக்காட்சி பத்தி ஆராய்ச்சி பண்றவங்க. அவங்க பேசவே இல்ல, நம்மள பேச வெச்சாங்க. சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 ஆரம்பிச்சது, சன் டிவி 1993 ஏப்ரல் 14ன்னு தேதியெல்லாம் நம்மாளுங்க அடுக்கினாங்க, அந்தம்மா தலையாட்டிட்டு, சரிங்க, வெள்ளிக்கிழம தூர்தர்ஷன்ல சினிமா பாட்டு போடுவாங்களே, ஒளியும் ஒலியும், அத யார் வீட்ல பாத்தீங்க, எங்க உக்காந்தீங்கன்னாங்க. நம்மள்ல எல்லாரும் அஞ்சு நிமிசத்துல முடிச்சுட்டோம். டீ கொண்டாந்தவரு மட்டும், ஒரு மாடி வீட்டு ஜன்னல் கம்பியப் புடிச்சுட்டு வெளிய நின்னே பாத்ததையும், கரெக்டா பாட்டு வர்ற நேரத்துக்கு அந்த வீட்டுக்காரம்மா ஜன்னலச் சாத்தினதையும், சத்தத்த மட்டும் கேட்டுட்டு நின்னதையும் சொல்ல ஆரம்பிச்சவரு, நாப்பது நிமிசம் சொன்னாரு. டீ ஆறிப்போச்சு. உலக சினிமாவ கரைச்சுக் குடிச்ச நமக்கு அன்னிக்கு கொஞ்சம் வருத்தம்தான், எனக்கும்தான்.

வரவு செலவு பொருளாளர் விவரமா வாசிப்பாரு. சுருக்கமா, கையிருப்பு இருக்குது, ஆனா இருக்குதுன்னு சொல்லிக்கற அளவுக்குத்தான். ரெக்கார்டர், ரயில் டிக்கெட், பல்பு, இதர செலவு. இதர செலவுல என்னன்னு தனியா கேட்டா சொல்றேன்.

சந்தா. 72 உறுப்பினர்ல 31 பேர் பாக்கி, அதுல 8 பேர் மூணு வருசமா. பேர் படிக்க மாட்டேன், அதுல ரெண்டு பேர் மேடைக்கு ரொம்ப பக்கத்துலயே இருக்காங்க. ஈரான் படம்னா சீட்டுக்குச் சண்ட போடறீங்க, சந்தான்னா ‘ஜிபே பண்றேன்’னு சொல்றீங்க, அந்த ஜிபே இன்னும் வந்துட்டே இருக்குது.

ஹால் குடுத்தவங்களுக்கும் மைக் செட்காரருக்கும் பேனர் அடிச்சவருக்கும் தலைவருக்கும் பொருளாளருக்கும் நன்றி. எங்க வீட்டம்மாவுக்கும் நன்றின்னு போடச் சொன்னாங்க, அதாவது அவங்களேதான் சொன்னாங்க.

அடுத்த வருசம் நான் செயலாளரா இருக்கணும்னு ஒண்ணும் இல்லீங்க, யாராச்சும் முன்வந்தா சாவிய இப்பவே குடுத்தர்றேன். ஆனா அடுத்ததா பழைய ஆபரேட்டருங்க, டிக்கெட் கிழிச்சவங்க, போஸ்டர் ஒட்டினவங்கன்னு நம்மூர்லயே பேட்டி எடுக்கலாம்னு அந்தம்மா ஒரு லிஸ்ட் போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. லிஸ்ட்ல இருக்கற ஏழு பேர்ல ரொம்பப் பேருக்கு எம்பது தாண்டியாச்சு. ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வேணும், 31 சந்தால ஒரு பாதி வந்தாலே போதும். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லல.

இப்படிக்கு,
செயலாளர்

பி.கு: ரெண்டாவது நிகழ்ச்சியன்னிக்கு எடுத்துட்டுப் போன எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இன்னும் வரல. பாட்டி பாட்டுப்புத்தகம் ஸ்கேன் பண்ணியாச்சு, எங்கிட்ட பத்திரமா இருக்குது, உரியவர் வந்து வாங்கிக்கலாம், அப்படியே சந்தாவும்.